சம்பளமில்லாத பிரேக் இன்ஸ்பெக்டர்

முதலில் வண்டியைத்தான் பார்ப்பார். அப்புறம்தான் ஆளை. ஆளைப் பார்க்கிற நேரத்துக்குள் கை கிளம்பியிருக்கும்.

பூஞ்சேரியிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் எனக்கு அப்போது சீட் கவர் கடை. கார் சீட்டுக்கு உறை தைப்பது, கிழிந்த கூரைத்துணியை மாற்றுவது, காலடி மேட் வெட்டுவது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுவே பெரிய தொழில். கடைக்கு எதிரில் ஒரு காலி மைதானம். அதில் அவருடைய ரெக்கவரி வண்டி நிற்கும். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் கடற்கரை ரோட்டில் எங்கே கார் மோதினாலும், கவிழ்ந்தாலும் அவருக்குத்தான் போன் வரும். போய், நொறுங்கியதைக் கொக்கியில் மாட்டித் தூக்கிக்கொண்டு வருவார். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்து தோளுக்குள் இறங்கிய உடம்பு. வலது கட்டைவிரலில் நகம் கறுத்துச் செத்துப்போயிருக்கும்.

நிஜமான பிரேக் இன்ஸ்பெக்டர் அரசாங்க ஆபீசில் இருந்தார். ஊர் இவரைத்தான் அப்படிக் கூப்பிட்டது. சம்பளம் கிடையாது, சீல் கிடையாது, ஒரு கடப்பாரை உண்டு. கம்பெனி வைக்காத ஒன்றை யாராவது வண்டியில் வைத்திருந்தாலும் சரி, கம்பெனி வைத்ததை அறுத்திருந்தாலும் சரி, அதைத் தாண்டிப் போக அவரால் முடியாது. சில பேருக்குக் கோணலாக மாட்டிய படத்தை நேராக்காமல் உட்கார முடியாதே, அந்த மாதிரி. இவர் நேராக்க மாட்டார், பிடுங்குவார்.

நான் அவரை முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தபோது அவர் கை என் கழுத்தில் இருந்தது.

காலை நேரம். மெஷினில் உட்கார்ந்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கார் சீட்டைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தவர், அதை அப்படியே என் மெஷின் மேல் போட்டார். ஊசி முறிந்து தெறித்தது. சீட்டில் ரத்தம் காய்ந்து, உறையும் பஞ்சும் ஒட்டிப் பிடித்திருந்தன.

"இத்த யாருடா தச்சது?"

எனக்கு நூலைத்தான் பார்க்கத் தோன்றியது. சாம்பல் நிறம். போன உயிர் திரும்பி வந்தது. "சத்தியமா நான் இல்லண்ணா. என் நூலு கறுப்பு."

"நீ எப்பிடி தைப்ப?"

"கெட்டியா தைப்பேன்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அறை விழுந்தது. காதுக்குள் ரீங்காரம் கேட்டது. அதோடு கழுத்தைப் பிடித்து என்னைக் குனிய வைத்து, இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, சீட்டின் பக்கவாட்டில் நீளமாகக் கிழித்தார். உள்ளே வெள்ளையாக ஒரு பை, பாதி விரிந்து, வெளியே வர வழியில்லாமல் பஞ்சுக்குள்ளேயே முட்டிக்கொண்டு கிடந்தது.

"ஏர்பேக்கு. விலாவுக்கும் கதவுக்கும் நடுவுல வந்து நிக்கணும். வரத்தான் பாத்துகீது பாவம். உன்ன மாதிரி ஒரு நாயி ரெட்டைத் தையல் போட்டு வாய மூடிட்டான்."

"ஓட்டிகினு வந்தவரு?"

"மூச்சு வுடும்போதெல்லாம் உங்க ஜாதிய திட்டிகினு கீறாரு. தையக்கார ஜாதிய."

திருப்போரூரிலிருந்து ஒவ்வொரு சீட் கவர் கடையாக அந்தச் சீட்டைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். எல்லாக் கடையிலும் ஓர் அறை. தைத்தவன் அகப்படவே இல்லை, சென்னையில் யாரோ. ஆனால் அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு சட்டம் வந்தது. சீட்டின் பக்கத் தையல் மட்டும் மெல்லிய பருத்தி நூலில், ஒற்றையாக, தளர்வாக. எந்த நேரத்தில் வேண்டுமானாலும் பரிசோதனைக்கு வருவார். பைக் டியூப் ஒன்றை மடித்து உறைக்குள் செருகி, பக்கத்து பஞ்சர் கடைக் காற்று ஹோஸை மாட்டித் திறந்து விடுவார். டியூப் ஊதும். தையல் பட்டுப்பட்டென்று பிரிந்தால் டீ குடிக்கப் போய்விடுவார். தையல் பிரியாமல் டியூப் வெடித்தால் அடுத்த வெடி எங்கள் முதுகில்.

"இது சரியான டெஸ்டு இல்ல. அது கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வரும், டியூப்பு மாடு மாதிரி மெதுவா வரும்," என்று அவரே சொல்வார். "ஆனா உனக்கு இது போதும்."

வாடிக்கையாளர்கள் கேட்பார்கள், என்னங்க சைடு நூல் இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று. எதிர் மைதானத்தைக் காட்டுவேன். கேட்டவர் அதற்குமேல் கேட்பதில்லை.

என் தங்கைக்கு வரன் அமையவேண்டும் என்று திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தோம். மாலையைப் போட்டுக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றிவிட்டு வெளியே வந்தால், வண்டி நிறுத்துகிற இடத்தில் கூட்டம். மதுராந்தகம் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மகனுக்காக மாலை வாங்க வந்தவர்கள், புது வண்டி. முகப்பில், பம்பருக்கு முன்னால், ஆள் இடுப்பு உயரத்துக்குப் பளபளவென்று இரும்புத் தடுப்புக் கார்டு. இவர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கழன்று தொங்கியது. யாருடைய வண்டி என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்.

அந்த வீட்டு ஆண்கள் சும்மா இருப்பார்களா? வயலில் வேலை செய்த கைகள். ஒருவர் பின்னாலிருந்து கட்டிப் பிடிக்க, இரண்டு பேர் முகத்திலும் வயிற்றிலும் குத்தினார்கள். இவரும் ஒருவன் மூக்கைத் தலையால் இடித்து உடைத்தார். மணலில் தள்ளி மிதித்தார்கள். மகனுக்குப் போட்டிருந்த மாலை அறுந்து பூவெல்லாம் காலடியில் நசுங்கியது. என் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "போலாம்ணா, போலாம்ணா" என்றாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடித்துக் களைத்தபின் அந்த வீட்டுப் பெரியவர் ஒருத்தர்தான் நிதானமாகக் கேட்டார். "ஏம்பா, கார்டு இருந்தா வண்டிக்கு நல்லதுதான?"

இவர் மணலில் உட்கார்ந்தபடி ஒரு பல்லைத் துப்பினார். "வண்டிக்கு நல்லதுதான் பெரியவரே. உள்ள கீறவனுக்குத்தான் கெட்டது. மோதுனா வண்டி மூஞ்சி நசுங்கணும். அது நசுங்கறதுக்குன்னே செஞ்சது. அது அடி வாங்கலன்னா, அந்த அடி எங்க போவும்? உம் புள்ள நெஞ்சுக்குப் போவும்." எழுந்து கடப்பாரையை எடுத்தார். "இன்னொரு பக்கத்தையும் கழட்டிட்டுப் போறேன். அடிக்கறதுன்னா அடிச்சுக்கோங்க."

யாரும் அடிக்கவில்லை. பெரியவரே கார்டின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தார். நியாயம் புரிந்து பிடித்தாரா, கீழே விழுந்து பெயிண்ட் போய்விடும் என்று பிடித்தாரா, எனக்குத் தெரியாது.

இதை மட்டும் சொன்னால் அவர் ஏதோ நல்லது செய்கிற முரடர் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. அவர் கை தப்பான இடத்திலும் விழுந்ததுண்டு.

நெம்மேலியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற ஆலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கார் நின்றிருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே கம்பி ஒன்று, அதிலிருந்து பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் இரும்புத் தண்டுகள். கதவு பூட்டவில்லை. திறந்து, ஒரே உதை. தண்டு வளைந்துவிட்டது. கார்க்காரம்மா அங்கிருந்த ஒரு கடைக்குப் பின்னாலிருந்து கட்டை ஊன்றிக்கொண்டு வந்திருக்கிறார். போலியோ கால். கல்பாக்கத்தில் ஆபீஸ் வேலை. காலால் ஓட்ட முடியாதவர் கையால் ஓட்டுவதற்கு முறைப்படி அனுமதி வாங்கி, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றி, பொருத்தின கம்பி அது.

அந்த அம்மா அழவில்லை. ஊன்றுகட்டையைத் திருப்பிப் பிடித்து அவர் தோளில் ஓங்கி அடித்தார். நிலை தடுமாறிக் காரின் மேல் சாய்ந்துகொண்டு மறுபடி அடித்தார். "படிக்கத் தெரியுமாய்யா உனக்கு? கண்ணாடியில சக்கர நாற்காலி படம் ஒட்டியிருக்கே, அது தெரியலையா? இந்தக் காரு இல்லாட்டி நான் பஸ் ஏற முடியுமா? ஏத்தி விடுவியா நீ?"

கட்டை முறிகிற வரைக்கும் நின்று வாங்கினார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சொல்லே அவரிடம் கிடையாது. அந்தத் தண்டு சரியாகி வருகிறவரை தினமும் காலையில் அந்த அம்மாவை ஆபீசில் கொண்டுபோய் விட்டார், சாயங்காலம் கூட்டி வந்தார், ரெக்கவரி வண்டியில். அந்த அம்மா ஒருநாளும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். "பேசாம வர்றது அடிய விட மோசம்பா," என்று என் கடை வாசலில் உட்கார்ந்து சொன்னார். திருந்திவிட்டார் என்று நினைத்தேன். அந்த வாரமே ஒரு பையன் காரைத் தாழ்வாக்க ஸ்பிரிங்கை அறுத்திருக்கிறான் என்று, ஜாக்கி போட்டுத் தூக்கி, லூசாகிக் கீழே விழுந்த ஸ்பிரிங்காலேயே அவன் முழங்காலில் போட்டார்.

மகனோ மகளோ விபத்தில் போயிருப்பார்கள், அதனால்தான் இப்படி என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. ஒருநாள் தைரியம் வந்து கேட்டேவிட்டேன்.

"என் பசங்க ரெண்டும் நல்லா கீது. ஒருத்தன் கப்பல்ல கீறான்," என்றார். "ஏன், வூட்ல எழவு வுழுந்தாத்தான் கேக்கணுமா?"

எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. மழை வந்தாலும், வராவிட்டாலும். அவர் எதிரில் இருந்த அந்த வருஷங்களில் அதற்கு ஒரு முகம் இருந்தது, அவ்வளவுதான்.

தங்கைக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு டூரிஸ்ட் வண்டி. ஏர்போர்ட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஆள் கொண்டுவருவான். வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி உழைப்பாளி. அந்த வண்டிதான் அவர்களுக்குச் சோறு. நடு வரிசை சீட்டைக் கழற்றிவிட்டு, உடைத்த ஆம்னி பஸ் ஒன்றிலிருந்து எடுத்த சாய்வு சீட்டு இரண்டு வாங்கி மாட்டினான். வெளிநாட்டுக்காரர்கள் காலை நீட்டிக்கொண்டு வரட்டும் என்று. தரைத் தகட்டில் டிரில்லால் துளை போட்டு, போல்ட்டு வைத்து, சின்ன வாஷர் கொடுத்து முறுக்கினான். கையால் ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். ஆடாவிட்டால் கெட்டி.

உறை மாட்ட என் கடைக்கு வண்டியைக் கொண்டு வந்திருந்தான். நான் உள்ளே உட்கார்ந்து உறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். வண்டி லேசாக அசைந்தது. எட்டிப் பார்த்தால், அடியிலிருந்து அவருடைய இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

வெளியே வந்து முதுகு மண்ணைத் தட்டினார். "ஆர்.சி.யில ஏத்தினியா?"

மாப்பிள்ளை சிரித்தான். "ஆளு எண்ணிக்கை மாறல அண்ணாத்த. ஒக்கார்ற சொகம்தான் மாறிச்சு."

"கேட்டதுக்குப் பதிலு."

"இல்ல."

"நாளிக்கி யாரு வராங்க?"

"புருஷன், பொண்டாட்டி, ஒரு கைக்கொழந்த. இன்னா, நீயும் வரியா?"

அவர் திரும்பி நடந்தார். மைதானத்துக்குப் போய், ரெக்கவரி வண்டியைக் கொண்டுவந்து, எங்கள் வண்டிக்குப் பின்னால் நிறுத்தினார். பின்கதவைத் திறந்து, கடைசி வரிசை சீட்டை மடக்கினார். தன் வண்டியின் விஞ்ச் உருளையிலிருந்து இரும்புக் கயிற்றை இழுத்து, சீட்டில் பெல்ட் பொருந்தியிருக்கும் இடத்தில் கொக்கியை மாட்டினார். "இன்னா பண்றாரு மச்சான்?" என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டான். அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நான் வண்டியிலிருந்து குதித்தேன்.

லீவரைத் தள்ளினார். கயிறு விறைத்தது. தரைத் தகடு அப்பளம் மாதிரி கிழிந்தது. வாஷர்கள் துளை வழியாகவே உருவிக்கொண்டு வர, சீட்டு பின்கதவு வழியே பாய்ந்து ரோட்டில் உருண்டது. எதிரே பைக்கில் வந்தவர் ஒடித்துப் பள்ளத்தில் இறங்கினார். வண்டியின் தரையில் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"நாளிக்கி பிரேக்கு போட்டிருந்தா இதுதான்," என்றார். "அந்தப் பொம்பளையும் கொழந்தையும் சீட்டோட போய் டிரைவர் முதுவுல."

மாப்பிள்ளை அதைக் கேட்டானா தெரியாது. அவன் ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கணம் அவன் கையில் வீல் ஸ்பேனர். நான் "மாப்ள" என்பதற்குள் இறங்கிவிட்டது. இளநீர் வெட்டுகிற சத்தம். காதுக்கு மேலே பிளந்து, ரத்தம் சட்டைக்குள் ஓடியது. இரண்டாவது அடியைத் தோளில் வாங்கினார். மூன்றாவதற்கு ஓங்கியவனை நான் இடுப்போடு கட்டிக்கொண்டேன். எனக்கும் முழங்கையால் மூக்கில் ஒன்று.

அவர் முழங்காலில் இறங்கினார். ரோட்டில் கிடந்த சீட்டைப் பார்த்தார். "உன் உறை கிழியல பாரு," என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாய்ந்தார்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் தலையில் தையல் போட்டார்கள். தலைக்காயம் என்றால் போலீசுக்குத் தகவல் போகும். கான்ஸ்டபிள் ஒருத்தர் வந்து எப்படி அடிபட்டது என்று கேட்டதற்கு, "தலை சுத்துது, அப்புறம் சொல்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாராம். கொலை முயற்சி என்று எழுதினால் மாப்பிள்ளை எத்தனை வருஷம் உள்ளே போவானோ. இருந்த ஒரு வண்டியும் ஓட்டையாக நிற்கிறது. தங்கை என்னை இழுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அண்ணா, எங்க வூட்ட காப்பாத்துங்கண்ணா," என்றாள். கால் பக்கம் குனியப் போனவளை அவர் காலை மடக்கிக்கொண்டு தடுத்தார்.

"உம் புருஷன் என்ன அடிச்சது பெருசில்ல தங்கச்சி. நான் எவ்ளோ பேர அடிச்சிருக்கேன். அந்த சீட்டுல ஒரு கொழந்தைய ஒக்கார வெக்கப் பாத்தான் பாரு, அதான் வயிறு எரியுது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒழுங்கா மாட்டிக்கினு வரச் சொல்லு. நான் மறுபடி இழுப்பேன். சீட்டு நின்னுச்சுன்னா, நான் எங்கியோ வுழுந்து அடிபட்டேன். புடுங்கினு வந்துச்சுன்னா, உள்ளதச் சொல்வேன்."

"எப்படிண்ணா மாட்டணும்?" என்று நான் கேட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். தகட்டை நம்பாதே, தகடு மழைத்தண்ணி உள்ளே வராமல் இருக்கத்தான். அடியில் குறுக்கு இரும்பு ஓடுகிறது, போல்ட்டு அதில் இறங்கவேண்டும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கனமான பட்டை. தலையில் நம்பர் பொறித்த போல்ட்டுதான், கண்ட போல்ட்டும் கூடாது. முடிந்ததும் ஆபீசில் காட்டி ஆர்.சி.யில் ஏற்று. "இது எதுவும் என் சட்டம் இல்ல. எல்லாம் முன்னாடியே ஒருத்தன் செத்து எழுதினது," என்றார்.

மாப்பிள்ளை வேறு யாரையும் தொடவிடவில்லை. அவனே வண்டிக்கு அடியில் படுத்து மாட்டினான். சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. நான் அருகில் உட்கார்ந்து, "இது போதுமா, இன்னொரு பட்டை குடுக்கலாமா" என்று கேட்டுக்கேட்டு, "மச்சான், நீ வூட்டுக்குப் போ" என்று திட்டு வாங்கினேன்.

அவர் தலைக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கியது ஒரு மத்தியானம். எங்கள் வண்டியின் முகப்பை மைதானத்துப் புங்க மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டச் சொன்னார். "மோதும்போது சீட்டு முன்னாடிதான போகும், பின்னால இழுக்கிறீங்களே" என்று கேட்டேன். "முன்னாடி இழுத்தா கண்ணாடி போவும். எந்தப் பக்கம்னு போல்ட்டுக்குத் தெரியாது, நீ சும்மா இரு," என்றார்.

கொக்கி மாட்டினார். லீவர். கயிறு விறைத்து முனகியது. வண்டி பின்பக்கம் தாழ்ந்தது. சங்கிலி மரப்பட்டைக்குள் இறங்கி, பச்சைச் சாறு கசிந்தது. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். ரெக்கவரி வண்டியின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. இன்னும் தள்ளினார். சீட்டின் முதுகுக் குழாய் மெல்ல வளைந்தது. கால்கள் அசையவில்லை.

லீவரை விட்டார். "ம்," என்றார். தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தோடு முடிந்திருக்கலாம். மாப்பிள்ளையின் வாய் விடவில்லை. ரெக்கவரி வண்டியின் பின்னால் நீண்டிருக்கும் தூக்குக் கை இருக்கிறதே, பூம் என்பார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: "அண்ணாத்த, உன் பூம்ல நடுவுல ஒரு ஒட்டு கீதே, மஞ்ச பெயிண்டு அடிச்சு. அது கம்பெனி வெச்சதா?"

நான் அவன் கையைக் கிள்ளினேன். கேஸ் இல்லை என்று அவர் இன்னும் வாயால் சொல்லவில்லை.

அவர் முகம் மாறியது. அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "அது கால்வாய்க்கு," என்றார். "பக்கிங்காம் கால்வாய்ல வுழுந்தா கம்பெனி பூமு எட்டாது. ஒரு தபா எட்டாம நின்னேன். கண்ணாடி வரைக்கும் தண்ணி ஏறுறத பாத்துகினே நின்னேன். அப்புறம்தான் நானே நீட்டி ஒட்டினேன்."

"நல்ல காரியம்தான். நானும் நல்லதுக்குத்தான் மாட்டினேன்." மாப்பிள்ளை ஓர் அடி முன்னால் வந்தான். "ஆர்.சி.யில ஏத்தினியா?"

அவர் அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல," என்றார். பிறகு, "கட்டு," என்றார்.

"இன்னா?"

"கொக்கிய மரத்து வேர்ல கட்டு. உன்னுத நான் இழுத்தேன். என்னுத நீ இழு."

மாப்பிள்ளைக்கு இப்போதுதான் பயம் வந்தது. "வுடு அண்ணாத்த, சும்மா கேட்டேன்."

"கட்டுடா."

கட்டினான். எங்களை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். மாப்பிள்ளையை லீவரில் நிறுத்திவிட்டு அவரும் பக்கத்தில் நின்றார். தள்ளினான். கயிறு விறைத்தது. "தள்ளு." பூம் குனிந்தது. "தள்ளுடா, உன்னுத இழுக்கும்போது நான் உன் சோத்தப் பத்தியா யோசிச்சேன்? தள்ளு."

வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். ஒட்டிய துண்டு அறுந்து பறந்து போய் மரத்தில் மோதி, அடியில் கொக்கிக்குப் பக்கத்தில் விழுந்து மண்ணைக் கிளப்பியது. கார் தூக்கும்போது கொக்கி மாட்டுகிற ஆள் நிற்கும் இடம் அது. அங்கே நிற்பது எப்போதும் அவர்தான். காரில் யாராவது உயிரோடு இருந்தால், அவர்களும்.

அவர் போய் முறிந்த வாயில் விரலை விட்டுத் தடவினார். நானும் போய்ப் பார்த்தேன். பாதி வட்டம் பளபளவென்று புதிதாக இருந்தது. மறுபாதி துருப்பிடித்துக் காவி நிறமாக இருந்தது. அந்தப் பாதி என்றைக்கோ விரிந்திருக்கிறது. மிச்சப் பாதியில்தான் இத்தனை நாள் கார்களைத் தூக்கியிருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் கான்ஸ்டபிள் பைக்கில் வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் தேடிவிட்டு, டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டார் என்று தெரிந்து வந்திருக்கிறார். "இன்னா பிரேக் இன்ஸ்பெக்டரே, தலை சுத்தறது நின்னுச்சா? எனக்கு எழுதி முடிக்கணும். யாரு அடிச்சது?"

மாப்பிள்ளை லீவரைப் பிடித்தபடியே நின்றான். தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை.

"அது அடிச்சது," என்று தரையில் கிடந்த இரும்பைக் காட்டினார். "நானே அனுமதி இல்லாம ஒட்டினது. உடைஞ்சி தலையில வுழுந்துச்சு. எழுதிக்கோ."

கான்ஸ்டபிள் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். முட்டாள் இல்லை அவர். "யோவ், இது இப்பத்தான் உடைஞ்ச மாதிரி மின்னுது."

"துரு புடிச்ச பாதி கீது பாத்தியா? அந்தப் பாதி அன்னிக்கு உடைஞ்சது."

கான்ஸ்டபிள் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். என் வீங்கிய மூக்கில் கொஞ்சம் நின்றார். "இப்பிடி எழுதினா வண்டிய நிறுத்திடுவாங்க. பெர்மிட்டு போவும். தொழிலு போவும். தெரிஞ்சுதான் சொல்றியா?"

"ஒட்டு வெச்சது நான்தான?"

எழுதிக்கொண்டு போனார். பைக் சத்தம் பூஞ்சேரிப் பக்கம் தேய்ந்தது. மாப்பிள்ளை மெதுவாக அவர் அருகில் போய், "அண்ணாத்த" என்று ஆரம்பித்தான்.

அறை அப்போதுதான் விழுந்தது. முழுக் கையையும் வீசி. மாப்பிள்ளை சுழன்று மண்ணில் விழுந்தான். உதடு கிழிந்து பல்லெல்லாம் சிவப்பு.

"அது கேஸு," என்றார். "இது எனக்கு."

தங்கை அவனைத் தூக்கப் போகவில்லை. அவனே எழுந்து, ரத்தத்தைத் துப்பி, மரத்திலிருந்து சங்கிலியை அவிழ்த்தான்.

"வண்டிய எடு. என்ன வூட்ல கொண்டுபோய் வுடு."

முன்சீட்டுக் கதவை நான் திறந்துவிட்டேன். அவர் அதில் ஏறவில்லை. நடுவில் இருந்த சாய்வு சீட்டில், முதுகு வளைந்துபோயிருந்ததே அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்துப் போட்டு, வெடுக்கென்று ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வீடு இருக்கிற நெம்மேலி வரைக்கும் மாப்பிள்ளை ஒரு தடவைகூட வேகமாக ஓட்டவில்லை.